சாவியை எடுத்த பிறகும் ஓடிய இன்ஜின்

நேற்று மாலை சாவியைத் திருப்பினேன், இன்ஜின் நின்றது. வண்டி ஓட்டும் யாருக்கும் இது ஒரு செய்தியே இல்லை. எனக்கோ பதினோரு நாள் வேலை அந்த ஒரு நொடியில்தான் முடிந்தது. முந்தின சனிக்கிழமை இதே சாவியைத் திருப்பி, கையில் எடுத்தும் வைத்துக்கொண்டேன். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த தம்பி, "அண்ணா, சாவி வெளியே வந்துடுச்சு, இன்னும் ஓடுது!" என்று கத்தினான். கிளட்சை விட்டு, கியரில் மூச்சடக்கித்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது.

வண்டி பழைய சுஸூகி சாமுராய். அதிலிருந்த 1.3 லிட்டர் கார்புரேட்டர் இன்ஜின் தேய்ந்துபோனதால், அதே ஜி வகைக் குடும்பத்தைச் சேர்ந்த விட்டாராவின் 1.6 லிட்டர், 16 வால்வ் இன்ஜெக்‌ஷன் இன்ஜினை உள்ளே இறக்கினேன். மவுண்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் வேலைகளை எழுதினால் அது தனிக்கதை. இங்கே வயரிங் மட்டும்.

கார்புரேட்டர் இன்ஜினுக்கு மின்சாரம் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. இக்னிஷன் காயிலுக்கு ஒரு வயர், ஸ்டார்ட்டருக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) இரண்டு, ஆயில் பிரஷர் சுவிட்ச், வெப்ப மீட்டர். இன்னும் ஒன்றிரண்டு சில்லறை. பெட்ரோல் பம்ப்கூட இன்ஜினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் பம்ப்தான். புதிய இன்ஜினுக்கோ இசியூ (இன்ஜினை ஆளும் சிறு கணினி), நான்கு இன்ஜெக்டர், அரை டஜன் சென்சார், ஐடில் வால்வ், டேங்க் அருகே எலெக்ட்ரிக் பம்ப், முன்னால் எலெக்ட்ரிக் ஃபேன். பழைய ஃபியூஸ் பெட்டியில் இத்தனைக்கும் இடமில்லை. பெட்டிக்கு வரும் வயருக்கும் அந்தத் தெம்பு இல்லை. ஆகவே இரண்டு வேலைகள்: விட்டாராவின் இன்ஜின் ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, தேவையான அளவுக்குக் குறைப்பது, புதிய ஃபியூஸ்-ரிலே பெட்டி ஒன்றைக் கட்டி இரண்டு வண்டிகளின் வயரிங்கையும் அங்கே சந்திக்க வைப்பது. ரிலே என்பது உள்ளிருக்கும் காயிலில் ஓடும் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்; அது மூடுவதை இழுப்பது என்றும் திறப்பதை விடுவது என்றும் சொல்வோம்.

முதல் இரண்டு நாள் டேப் உரிப்பதிலேயே போயிற்று. பழைய பிவிசி டேப் வெப்பத்தில் கரைந்து, பசையாகி, வயரின் நிறத்தையே மறைத்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு வயராகத் துடைத்தேன். உரிப்பதற்கு முன் ஒவ்வொரு கனெக்டரிலும் வெள்ளைத் துணி டேப் சுற்றி, அது எதில் மாட்டும் என்று எழுதி வைத்தேன். பேனா மை பெட்ரோல் பட்டால் அழியும் என்பதால் பென்சில். இந்தச் சின்ன யோசனை பிறகு பலமுறை காப்பாற்றியது.

உரித்தபின் இன்ஜின் ஹார்னஸை ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் இடங்களிலெல்லாம் ஆணி அடித்தேன். இன்ஜினின் நீளத்தையும் கனெக்டர் இருக்கும் இடங்களையும் பலகையில் அளந்து வரைந்துவிட்டால், வண்டிக்குள் குனிந்து நிற்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. தேவையில்லாத வயர்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து இரு முனையும் தெரிந்த பின்தான் உருவினேன். வெட்டவில்லை. டெர்மினலை (வயர் முனையின் உலோகக் கால்) கனெக்டரின் பின்பக்கமாகக் கழற்றி முழு வயராகவே எடுத்துவிட்டேன். அப்படி எடுத்த வயர்கள்தான் பின்னால் நீட்டிப்புக்கு உதவின, நிறமும் பொருந்தியது.

இங்கேதான் முதல் தவறு நடந்தது. இசியூ கனெக்டரின் படத்தை வைத்து ஒவ்வொரு பின்னுக்கும் எண் எழுதினேன். படம் கனெக்டரின் எந்த முகத்தைக் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. அது இசியூவில் மாட்டும் முகம். நான் வயர் நுழையும் பக்கத்தைப் பார்த்து எண்ணினேன். இடம் வலமாகிவிட்டது. இரண்டு வரிசை கனெக்டரில் பல பின்கள் காலியாக இருந்தும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் காலி இடங்கள் கிட்டத்தட்ட இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்திருந்தன. இந்தத் தவறு எப்படி வெளியே வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து அட்டவணை. ஒவ்வொரு வயருக்கும் ஒரு வரி: எங்கிருந்து, எங்கே, எத்தனை சதுர மி.மீ., என்ன நிறம், எந்த ஃபியூஸ். மொத்தம் 63 வரிகள் வந்தன. அப்போது அது முழுமையாக இருப்பதாகவே நினைத்தேன். ஒரு பத்தி விட்டுப்போயிருந்தது: இந்த வயரில் எப்போது மின்சாரம் இருக்க வேண்டும்? சாவி அணைந்திருக்கும்போதா, ஆக்சஸரியிலா, ஆன் நிலையிலா, ஸ்டார்ட்டர் சுற்றும்போதா? அதற்குப் பிறகு நான் சந்தித்த மூன்று பெரிய கோளாறுகளும் அந்த விட்டுப்போன பத்தியிலிருந்து வந்தவை. அந்த மூன்றிலும் ஒரு வயர்கூட தவறான இடத்துக்குப் போகவில்லை. தவறான நேரத்தில் உயிரோடிருந்தது, அல்லது தேவையான நேரத்தில் செத்திருந்தது.

புதிய பெட்டியில் பிளேடு ஃபியூஸ் பன்னிரண்டு, ரிலே சாக்கெட் ஆறு. பேட்டரியிலிருந்து 16 சதுர மி.மீ. கேபிள், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 80 ஆம்பியர் போல்ட் ஃபியூஸ் வழியாக வருகிறது. உள்ளே மின்சாரத்தைப் பகிரும் இரண்டு உலோகப் பட்டைகள்: ஒன்று எப்போதும் உயிருள்ளது, மற்றொன்று இக்னிஷன் ரிலே இழுத்த பிறகு உயிர் பெறுவது. சாவிக்கு வேலை அந்த ரிலேயின் காயிலை இயக்குவது மட்டுமே. பழைய வண்டியில் எல்லாச் சுமையும் இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள் வழியாகவே ஓடியது; அந்தச் சுமையை எடுத்துவிட வேண்டும் என்பது என் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அந்த நல்ல நோக்கமே சனிக்கிழமைக் கூத்துக்கும் காரணமானது.

ரிலே சாக்கெட்டில் 30 சப்ளை, 87 வெளியீடு, 85-ம் 86-ம் காயில். சில ரிலேக்களில் 87ஏ என்று நடுவில் ஒரு காலும் உண்டு. ரிலே ஓய்வில் இருக்கும்போது அதில் மின்சாரம் வரும். தெரியாமல் அந்தச் சாக்கெட் துளையில் வயர் போட்டுவிட்டால் எல்லாம் தலைகீழாக நடக்கும். நான் வாங்கிய ஆறும் நாலுகால் ரிலே, நடுத்துளைகளை மூடிவிட்டேன். காயிலுக்கு இணையாக உள்ளேயே ரெசிஸ்டர் வைத்தவை. ரிலே விடும்போது காயில் எழுப்பும் வோல்டேஜ் எகிறல் இசியூவின் டிரான்சிஸ்டரைத் தாக்கக்கூடாது என்பதற்காகத் தேடி அந்த வகையை எடுத்தேன்.

ஃபியூஸ் அளவு முடிவு செய்வதில் எனக்கு ஒரே அளவுகோல்தான்: ஃபியூஸ் காப்பது வயரை. முதலில் கருவி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்தேன், அதற்கேற்ற வயர், வயருக்குக் கீழே நிற்கும் ஃபியூஸ். பெட்ரோல் பம்ப் 5.2 ஆம்பியர் இழுத்தது. பெட்டியிலிருந்து டேங்க் வரை வயர் ஓடும் வழி 4.2 மீட்டர். ஒரு சதுர மி.மீ. வயர் அந்த மின்னோட்டத்தைச் சூடாகாமல் தாங்கும். ஆனால் மீட்டருக்குச் சுமார் 17.5 மில்லிஓம் என்றால் வழியில் கிட்டத்தட்ட 0.38 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.15 வோல்ட். பம்புக்கு வோல்டேஜ் குறைந்தால் பிரஷர் குறையும். ஆகவே 2.5, நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது 11 ஆம்பியர்தான். கிளம்பும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்கு. அதற்கு 4 சதுர மி.மீ., பச்சை 30 ஆம்பியர். இன்ஜெக்டருக்கும் சென்சாருக்கும் சேர்த்து 15, இக்னிஷன் காயிலுக்குத் தனியாக 15, ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டருக்கு 10, இசியூவின் நினைவுக்காக எப்போதும் உயிருள்ள 7.5. ஹெட்லைட் இடது வலது தனித்தனி 10. ஒரு பக்கம் போனால் இன்னொன்று எரிய வேண்டும். இரவில் இரண்டும் ஒன்றாக அணைவதை ஒருமுறை அனுபவித்திருக்கிறேன்.

இந்த வேலையில் நான் செலவழித்ததில் பெரும்பங்கு வயருக்கோ பெட்டிக்கோ போகவில்லை. நல்ல கிரிம்பிங் கருவிக்குப் போயிற்று. வருத்தமில்லை. முதலில் வீட்டிலிருந்த சாதாரண இடுக்கியால் அழுத்திப் பார்த்தேன். சோதனைக்காக 0.75 சதுர மி.மீ. வயரில் டெர்மினல் அழுத்தி, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டேன். நான்கில் இரண்டு வழுக்கி வந்துவிட்டன. ராச்செட் கருவியில், டெர்மினலின் இரு காதுகளும் உள்நோக்கிச் சுருண்டு செம்பிழைகளைக் கவ்வும் வகையான டை (அச்சு) போட்டு அழுத்தியதில் பத்தும் தாங்கின. பற்றவைப்பு எங்கும் செய்யவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை அங்கே கம்பியாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். சாமுராய் போன்ற குலுங்கும் வண்டியில் அது எத்தனை மாதம் என்பதுதான் கேள்வி. அழுத்தக் கற்றுக்கொள்ளும்போது பாழான டெர்மினல்கள் முப்பதுக்கும் மேல். அடுத்தவர் வாங்கும்போது தேவையைவிடப் பாதி கூடுதலாக வாங்குங்கள்.

விட்டாராவில் இசியூ இருந்த இடமும் சாமுராயில் நான் வைத்த இடமும் வேறு. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் வைத்தேன். தண்ணீர் வராது, வெப்பமும் இல்லை. அதனால் இருபத்திரண்டு வயர்கள் 35 செ.மீ. நீள வேண்டியிருந்தது. எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் போட்டால் பாம்பு எலி விழுங்கியதுபோல ஒரு புடைப்பு வரும். ஃபயர்வாலின் (இன்ஜின் பக்கத்தையும் உட்புறத்தையும் பிரிக்கும் தகடு) ரப்பர் வளையத்தில் நுழையாது. ஒவ்வொன்றையும் மூன்று செ.மீ. தள்ளித்தள்ளி இணைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்). சுருங்கும்போது இரு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் தண்ணீர் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் சென்சாரின் கவச வயரை மட்டும் வெட்டவே இல்லை. அதன் நீளம் போதும்படி பாதையை மாற்றினேன். கவசம் இசியூ முனையில் மட்டும் எர்த். மறுமுனையைச் சும்மா விட்டு மூடினேன். இரு முனையையும் எர்த் செய்தால் கவசத்திலேயே மின்சாரம் ஓடத் தொடங்கும்.

சுற்றுவதற்குத் துணி டேப். இன்ஜின் பக்கம் நெளிகுழாய் போட்டு அதன்மேல் டேப். கடைசி சோதனை முடியும்வரை முழுக்கச் சுற்றாமல், சாண் சாணுக்கு ஒரு முடிச்சு மட்டும். இதை யாரும் சொல்லித்தரவில்லை. சோம்பலில் செய்தேன், ஆனால் மூன்று முறை திரும்பப் பிரிக்க நேர்ந்தபோது அது வரமாக இருந்தது.

எர்த் பற்றி ஒரு பத்தி. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு 25 சதுர மி.மீ., பிளாக்கிலிருந்து பாடிக்கு 16. இசியூவின் இரண்டு எர்த் வளையங்களை அவை முன்பு இருந்த அதே இன்டேக் மேனிஃபோல்ட் போல்ட்டிலேயே மாட்டினேன். மாட்டிய கையோடு, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 0.74 வோல்ட். 0.2-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஓம்மீட்டரில் பார்த்தால் பூஜ்ஜியம்தான் காட்டியது. பெரிய மின்னோட்டம் ஓடும்போதுதான் இந்தக் குறை தெரியும். கழற்றிப் பார்த்தால், இன்ஜினுக்கு நான் ஆசையாக அடித்த பெயின்ட் வளையத்துக்கு அடியில். உலோகம் மின்னும்வரை சுரண்டி, மெல்லக் கிரீஸ் பூசி இறுக்கினேன். 0.09.

ஆறாம் நாள் புதிய பெட்டிக்கு முதல்முறை மின்சாரம் கொடுத்தேன். இங்கே ஒரு பழைய எலெக்ட்ரீஷியன் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்த ஃபியூஸையும் போடாமல், அதன் இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பல்பை இரண்டு வயரில் மாட்டி வைத்தேன். சுற்று சரியாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும், அல்லது எரியாது. ஷார்ட் இருந்தால் முழுவதும் பிரகாசமாக எரியும், அப்போதும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஒன்றும் கருகாது. இசியூ மாட்டாமல் எல்லாச் சுற்றும் சரி. இசியூ கனெக்டரைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். பல்பு கண்ணைப் பறித்தது. சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, அரைமணி நேரம் படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் முகம் மாறிய தவறு புரிந்தது. சப்ளை போக வேண்டிய வயர் எர்த் பின்னில் இருந்தது. அந்த இடத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் இசியூவை இழந்திருப்பேன். ஒரு பல்பு அதைக் காப்பாற்றியது. பதினெட்டு டெர்மினல்களைக் கழற்றி மாற்றிச் செருக அன்று இரவு முழுவதும் ஆயிற்று.

ஏழாம் நாள் ஸ்டார்ட் செய்ய முயன்றோம். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பத்து நொடி, மீண்டும் பத்து நொடி. பெட்ரோல் பிரஷர் இருக்கிறது, ஸ்பார்க் பிளக் நனையவில்லை. சலித்துப்போய்த் தம்பி சாவியை விட்டான். விட்ட அந்தக் கணத்தில் இன்ஜின் 'டப்' என்று ஒருமுறை வெடித்து நின்றது. மறுபடி சுற்றினோம். மறுபடி சாவியை விடும்போது ஒரு துடிப்பு. இது மூன்றாவது முறை நடந்தபோதுதான் உறைத்தது: சுற்றும்போது இக்னிஷன் இல்லை. சாவி ஆன் நிலைக்குத் திரும்பும்போது வருகிறது. அதற்குள் இன்ஜினின் சுழற்சி தீர்ந்துவிடுகிறது.

டெஸ்ட் லாம்பை இக்னிஷன் ரிலே காயிலில் வைத்துச் சுற்றச் சொன்னேன். ஆன் நிலையில் எரிந்தது, ஸ்டார்ட் நிலையில் அணைந்தது. நான் ரிலேயை இயக்க எடுத்த வயர் ஹீட்டர் ஃபேனுக்குப் போகும் வயர். டாஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, சாவி ஆன் செய்தால் 12 வோல்ட் வந்தது, அதுவே போதும் என்று எடுத்துவிட்டேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் பாரத்தைக் குறைக்க ஹீட்டர், வைப்பர் போன்றவற்றை இக்னிஷன் சுவிட்ச் விலக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வயரைத் தொட்டபோது அந்த நினைவு வரவில்லை, அவ்வளவுதான். இக்னிஷன் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு காலையும் நான்கு சாவி நிலைகளிலும் அளந்து எழுதினேன். பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன கறுப்பு-வெள்ளை வயர் ஆனிலும் ஸ்டார்ட்டிலும் உயிரோடிருந்தது. ரிலே அதற்கு மாறியது. அட்டவணையில் 'எப்போது' என்ற பத்தியை அன்றுதான் சேர்த்தேன். ஆனால் அந்த ஒரு வயருக்கு மட்டும் நிரப்பிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

மறுநாள், சனிக்கிழமை, முதல் சுற்றிலேயே பிடித்தது. ஐடில் கொஞ்சம் உயர்ந்து, இறங்கி, சீராக நின்றது. செக் இன்ஜின் விளக்கு எரிந்து அணைந்தது. தம்பியும் நானும் எதுவும் பேசாமல் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே நின்றோம். ஆல்டர்னேட்டர் 13.9 வோல்ட். வெப்ப மீட்டர் ஏறியது. அதற்காகப் பழைய இன்ஜினின் ஒற்றை வயர் சென்சாரையே மாட்டியிருந்தேன், மீட்டரும் அதன் சென்சாரும் ஜோடி என்பதால். இசியூவுக்கான இரண்டு வயர் சென்சார் தனி. ஃபேன் தானாக ஓடி நின்றது. பிறகு சாவியை அணைத்தோம்.

முதலில் சந்தேகப்பட்டது இக்னிஷன் சுவிட்சை. கனெக்டரையே கழற்றினேன், இன்ஜின் ஓடியது. ரிலே ஒட்டிக்கொண்டதோ என்று புதிய ரிலே போட்டேன், அதுவும் அப்படியே. இரண்டு மணி நேரம் போன பிறகு இருட்டத் தொடங்கியது. அந்த இருட்டில்தான் தெரிந்தது: டாஷ்போர்டில் சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு, சாவி எடுத்த நிலையில், மங்கலாகச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. பகலில் அது கண்ணுக்கே படவில்லை.

அந்த விளக்கின் ஒரு முனை இக்னிஷன் வயரில், மறுமுனை ஆல்டர்னேட்டரில். சாவியை ஆன் செய்ததும் விளக்கு வழியாகச் செல்லும் சிறு மின்சாரம் ஆல்டர்னேட்டரைத் தூண்டும். ஆல்டர்னேட்டர் ஓடத் தொடங்கியதும் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் வந்து விளக்கு அணையும். ஓடும் இன்ஜினில் சாவியை எடுத்தால்? இப்போது ஆல்டர்னேட்டர் முனையில் 14 வோல்ட், விளக்கு வழியாகத் திரும்பி இக்னிஷன் வயருக்கு வருகிறது. பழைய வயரிங்கில் இது நடந்தாலும் தெரியாது. இக்னிஷன் காயில், வைப்பர், அது இது என்று அந்த வயரில் பெரிய சுமைகள் தொங்கின; 3 வாட் பல்பு வழியாகக் கசியும் மின்சாரம் அவற்றுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் சுமையெல்லாம் ரிலேக்கு மாற்றிவிட்டேன். இப்போது அந்த வயரில் மிச்சம் இரண்டு ரிலே காயிலும் மீட்டர்களும் மட்டும். அளந்தேன்: சாவி இல்லாமல் இக்னிஷன் வயரில் 5.9 வோல்ட். ரிலேயைத் தனியே எடுத்து மாறும் பவர் சப்ளையில் வைத்துப் பார்த்தேன். இழுக்க 7.4 வோல்ட் கேட்கிறது. இழுத்தபின் விட 2.6-க்குக் கீழே வர வேண்டும். 5.9 அதைப் பிடித்து வைக்கத் தாராளம். இன்ஜின் தன்னைத் தானே ஊட்டிக்கொண்டு ஓடியது.

தீர்வு விரல் நகத்தளவு: 1என்4007 டயோடு ஒன்று, விளக்குக்கும் இக்னிஷன் வயருக்கும் இடையில், வெள்ளிக்கோடு விளக்கைப் பார்த்தபடி. ஆல்டர்னேட்டரை நோக்கிப் போகும், திரும்பாது. டயோடு எடுத்துக்கொள்ளும் 0.7 வோல்ட் தூண்டுதலைப் பாதிக்கவில்லை. விளக்கு பழையபடியே எரிந்து அணைகிறது. அந்த பல்பை எல்இடி ஆக்கலாமா என்று யோசிப்பவர்கள் இணையாக ஒரு ரெசிஸ்டரும் போட வேண்டும். எல்இடி மட்டும் என்றால் அதன் வழியே போகும் மின்சாரம் ஆல்டர்னேட்டரைத் தூண்டப் போதாமல் போகலாம். ரேடியேட்டர் ஃபேனிலும் இதே ஆபத்து உண்டு என்று அன்றே சோதித்தேன். ஃபேன் சுழன்று அடங்கும்வரை சிறு டைனமோவாகிவிடும். அதன் ரிலே காயில் அதே வெளியீட்டிலிருந்து ஊட்டப்பட்டால் ரிலே விடத் தாமதிக்கும். என்னுடையதில் காயில் தனி ஃபியூஸில் இருந்ததால் தப்பித்தது.

டயோடு போட்டது ஞாயிறு. அணைத்தேன், நின்றது. ஆனால் நேற்று மாலையைத்தான் முடிவு என்று சொல்கிறேன். காரணம், இடையில் வேறு வேலையாய் நான்கு நாள் வண்டியைத் தொடவில்லை. வந்து பார்த்தால் பேட்டரி 12.1 வோல்ட். நெகட்டிவ் முனையில் மீட்டரைத் தொடராக வைத்தேன்: 118 மில்லிஆம்பியர். எல்லாம் அணைந்த வண்டிக்கு 50-க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. ஃபியூஸ்களைப் பிடுங்காமல், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இருக்கும் இரு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போனேன். மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் எண் அசையும். ஃபேனைக் கையால் போட நான் வைத்த சுவிட்சின் ஃபியூஸ். சுவிட்சுக்குள் இருக்கும் 1.2 வாட் விளக்கை எப்போதும் உயிருள்ள பட்டையில் மாட்டியிருந்தேன். டாஷ்போர்டு திறந்த நிலையில் சுவிட்ச் குப்புறக் கிடந்ததால் விளக்கு எரிவது தெரியவில்லை. மறுபடியும் அதே 'எப்போது'. இக்னிஷன் பட்டைக்கு மாற்றினேன். 18 மில்லிஆம்பியர்.

அதன்பின் உட்கார்ந்து 63 வரிகளுக்கும் கடைசிப் பத்தியை நிரப்பினேன். நான்கு சாவி நிலைகள், ஐந்தாவதாக 'ஓடும்போது சாவி எடுத்தால்' என்று ஒரு நிலை. தம்பி சாவியைத் திருப்ப, நான் டெஸ்ட் லாம்போடு ஒவ்வொரு ஃபியூஸாகப் போனேன். நாற்பது நிமிடம் பிடித்தது. முதல் வாரத்தில் இந்த நாற்பது நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் நான்கு மாலைகள் மிச்சம்.

இன்னொரு பலனையும் சொல்ல வேண்டும். ஹெட்லைட் பல்பின் காலில் முன்பு, பேட்டரி 13.9 காட்டும்போது, 11.4 வோல்ட்தான் வந்தது. ரிலே வழியாக 2.5 சதுர மி.மீ. வயரில் போட்ட பிறகு 13.5. பல்பு அதே பழைய 60/55 வாட். சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துத் தம்பி புது பல்பு போட்டேனா என்று கேட்டான்.

அடுத்தமுறை மாற்றிச் செய்ய நினைப்பவை சில. பழைய இன்ஜினைக் கழற்றுவதற்கு முன், வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே, டாஷ்போர்டுக்குக் கீழுள்ள ஒவ்வொரு வயரையும் சாவி நிலை வாரியாக அளந்து வைப்பேன், இது முதல். நிறங்கள் ஆறுதான் வாங்கினேன், அதனால் பெட்டிக்குள் சிவப்பு ஏழு இடத்தில் இருக்கிறது. கோடு போட்ட வயர் பன்னிரண்டு நிறமாவது வேண்டும். பெட்டிக்கு அடியில் வயர்களுக்கு 15 செ.மீ. தளர்வு விட்டிருக்க வேண்டும். இப்போது பெட்டியைத் தூக்கிப் பின்பக்கம் பார்க்க மூன்று போல்ட்டும் ஒரு கிளாம்பும் கழற்ற வேண்டியிருக்கிறது. வயரில் எழுதிய துணி டேப் அடையாளங்களுக்குப் பதில், அச்சடித்த தாள் துண்டைத் தெளிந்த ஹீட் ஷ்ரிங்கில் மூடுவேன். மொத்தம் 71 மணி நேரம் ஆனது. அதில் புதிதாகக் கட்டியது முப்பதுக்கும் குறைவு, மற்றதெல்லாம் உரித்ததும் திருத்தியதும்.

அட்டவணையை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். ஹீட்டர் ஃபேன் மட்டும் இன்னும் பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. அதன் மோட்டாரில் 11.8 வோல்ட்தான் வருகிறது. சுவிட்சைத் தொட்டால் கொஞ்சம் சூடு. ஆறாவது ரிலே சாக்கெட் அதற்காகக் காலியாக இருக்கிறது, காயிலுக்கான வயரையும் இழுத்து மூடி வைத்திருக்கிறேன். இந்த ரிலே ஸ்டார்ட்டர் சுற்றும்போது விட வேண்டும்.